சிட்டு எதுவும் கேட்பதில்லை

ஜூன் 6

அம்மாடி,

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "ம்" என்ற ஒரே எழுத்தோடு நிறுத்திக்கொள்கிறாய். அதைக் கேட்டுவிட்டுப் போனை வைத்தால் அன்றைக்கு முழுக்க எனக்குக் கை ஓடுவதில்லை. அதனால்தான் கடிதம். படிக்கப் பிடிக்காவிட்டால் மூலையில் போட்டுவிடு. உன் மகளைப் பற்றி எழுதியிருக்கும் இடத்தை மட்டுமாவது படித்துவிட்டுப் போடு.

பள்ளிக்கூடம் திறந்த மாதம். முன்னறை முழுக்கச் சீருடைத் துணி. சட்டை தைக்கக் கொடுத்த தாய்மார்கள் காலையிலேயே வாசலில் வந்து நிற்கிறார்கள். பாதிப் பேருக்கு உன் வீட்டு விஷயம் தெரியும். துக்கம் விசாரித்த கையோடு, "எங்க பிள்ளைக்கு எப்போ தருவீங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டுமே.

சிட்டு நேரத்துக்கு எழுந்துகொள்கிறாள். தட்டில் போட்டதைச் சாப்பிடுகிறாள். சொல்லாமலே குளிக்கப் போகிறாள். தரையில் சிந்திய நூலையும் துணித் துண்டையும் பெருக்கிக் கூடையில் போடுகிறாள். அம்மாடி, ஏழு வயதுக் குழந்தை இவ்வளவு நல்ல பிள்ளையாக இருக்கக் கூடாது. இதே பிள்ளைதானே என் அளவு நாடாவை இடுப்பில் கட்டிக்கொண்டு குதிரை ஓட்டியது? இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றால் வேண்டாம். கடைக்குப் போகிறேன், என்ன வேண்டும் என்றால் எதுவும் வேண்டாம். பிறந்தநாள் வருகிறதே, என்ன வாங்கலாம் என்று கேட்டேன். பயந்துபோய் என்னைப் பார்த்தாள். நான் ஏதோ திட்டிவிட்ட மாதிரி.

அடக்கம் முடிந்த அன்று நீ எல்லோர் முன்னாலும், "இனி என் பொண்ணுகிட்ட சாமி பேச்சு எடுக்காதீங்க" என்று சொன்னாய். அதற்கு மேலும் ஒன்று சொன்னாய். அது எனக்கும் உனக்கும் தெரியும், திரும்ப எழுத வேண்டாம். அன்றிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை. அவள் பார்க்கும்படி சாமிகூடக் கும்பிடுவதில்லை. கதவைச் சாத்திக்கொள்கிறேன், ஏதோ திருட்டுக் காரியம் மாதிரி. ஆனால் குழந்தை கேட்கிறதே. நேற்று தலை பின்னும்போது, "அத்தை, வாண்டுக்கு அங்க பசிக்குமா?" என்றாள். தன் தம்பி பேரை இத்தனை நாளில் முதல் முறையாகச் சொல்கிறாள். நான் என்ன சொல்ல? உங்க அம்மாவைக் கேள் என்றேன். "அம்மா எப்போ வருவாங்க?" என்று கேட்பாள் என்று நினைத்தேன். அதையும் கேட்கவில்லை.

உன் புருஷன், என் தம்பி, லாரியோடு எந்த ஊரில் இருக்கிறானோ. நீயாவது வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. எனக்குப் பாரம் என்று சொல்லவில்லை. அவள் உன் மடியில் இருக்க வேண்டிய நேரம் இது.

உன் அண்ணி


ஜூன் 14

அண்ணி,

கடிதம் முழுக்கப் படித்தேன்.

வேலைக்குப் போகிறேன். பரிசோதனைக் கூடத்தில் என் மேசை அப்படியே இருக்கிறது. குழந்தைகள் வார்டிலிருந்து வரும் இரத்த மாதிரிக் குப்பிகளைப் பக்கத்து மேசைக்காரி சத்தமில்லாமல் என் தட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பெரியவர்களின் இரத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நாள் போகிறது.

சிட்டு கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். நடந்ததைச் சொல்லுங்கள். "செத்துப்போயிட்டான்" என்றே சொல்லுங்கள். "போயிட்டான்" என்று மட்டும் சொன்னால் காத்திருப்பாள், போனவர்கள் திரும்பி வருவார்கள் அல்லவா. அவன் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி அவனுக்குப் பசிக்காது, வலிக்காது, வர மாட்டான். அவ்வளவுதான். தூங்குகிறான் என்பது வேண்டாம். நட்சத்திரம் வேண்டாம். சாமிக்குப் பிடித்துப்போய்க் கூப்பிட்டுக்கொண்டார் என்பது வேண்டவே வேண்டாம். அப்படியானால் சாமிக்குப் பிடிக்காத பிள்ளைகளைப் பெற்றவர்கள்தான் கொடுத்துவைத்தவர்கள்.

ஆஸ்பத்திரியில் அவனோடு இருந்தபோது, தினமும் சாயங்காலம் சிட்டு போனில் என்ன சொல்வாள் என்று உங்களுக்குத் தெரியும், நீங்கள்தானே பக்கத்தில் நின்றீர்கள். "அம்மா, இன்னைக்கும் கேட்டுட்டேன்." வீட்டுப்பாடம் முடித்துவிட்டதைச் சொல்வது போலச் சொல்வாள். சின்னப் பிள்ளைகள் கேட்டால் சாமி முதலில் காது கொடுப்பார் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்திருந்தீர்கள். நான் அந்தப் பக்கம் அவன் கையில் இன்னும் ஊசி குத்தாத இடமாகத் தேடிக்கொண்டிருப்பேன். "நல்லது சிட்டு" என்பேன். வேறு என்ன சொல்வது?

அன்று உங்களைப் பார்த்து, "பெத்துப் பார்த்தாதான் தெரியும்" என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. முடிந்தால் அந்த வார்த்தையை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்வேன். சாமியைப் பற்றிச் சொன்னதை எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது என்னால் வர முடியாது. காரணம் கேட்காதீர்கள்.


ஜூன் 25

அம்மாடி,

நீ எழுதியபடியே சொன்னேன். துணி வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். அவள், "சரி அத்தை" என்றாள். பிறகு, "வலிக்கவே வலிக்காதா?" என்றாள். வலிக்காது என்றேன். "ஊசி போட்டாக்கூடவா?" ஊசியே கிடையாது என்றேன். அப்போது மட்டும் அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. நீ சொல்லச் சொன்னதில் அந்த ஒரு நல்லது இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மறுநாள் நடந்ததைக் கேள். கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தேன். என் பெரிய கத்தரிக்கோல் ஆணியில் இல்லை. பின்கட்டில் உட்கார்ந்துகொண்டு, அவள் அப்பா வாங்கி வந்த லைட் எரியும் ஷூவைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஷூவை அவள் போட்டுக்கொண்டதே ஓரிரு நாள்தான். பிறகு கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தாள். ரப்பரை வெட்டியதில் கத்தரிக்கோல் முனை மழுங்கிவிட்டது. இரண்டு கையாலும் பிடித்து வெட்டியிருக்கிறாள், உள்ளங்கையெல்லாம் சிவந்திருந்தது. கோபத்தில் ஒரு அடி வைத்துவிட்டேன். அழவில்லை. துண்டுகளை அவளே பொறுக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். உள்ளே இருந்த சிவப்பு லைட் மட்டும் தொட்டியை நகர்த்தும்போதெல்லாம் மின்னி மின்னி அணைந்தது. கடைசியில் நான் அதைத் தெருமுனைத் தொட்டியில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தேன்.

இன்னொன்று. அவள் டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். வகுப்பில் பாவாடையை நனைத்துக்கொள்கிறாளாம். ஒரு தடவை இல்லை, பல தடவை. வெளியே போகணும் என்று கையைத் தூக்கிக் கேட்பதே இல்லையாம். தாகம் எடுத்தாலும் தண்ணீர் கேட்பதில்லையாம். டீச்சர் நல்லவள். "வீட்ல ஏதாவது மிரட்டறீங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது.

நீ என்மேல் வைத்த குற்றத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். "ரத்தம் கொஞ்சம் குறைச்சலா இருக்கு அண்ணி, ஏத்தினா சரியாயிடும்" என்று சிட்டுவை என் வீட்டில் விட்டுவிட்டுப் போனது யார்? பிறகு ஒவ்வொரு தடவையும், "தேறிட்டு வரான்" என்றது யார்? எனக்கு உன் படிப்பு கிடையாது. நீங்கள் இரண்டு பேரும்தான் நம்பிக்கை வைக்கச் சொன்னீர்கள். நான் அதைச் சாமியிடம் கொண்டுபோய் வைத்தேன். வேறு எங்கே வைப்பது?

பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. வா.

அண்ணி


ஜூலை 3

அண்ணி,

நீங்கள் கேட்டதற்குப் பதில்: நான்தான்.

அவன் காலில் நீலநீலமாகக் கன்றியிருந்தது. எங்காவது விழுந்திருப்பான் என்று விட்டுவிட்டோம், வாண்டு விழாத நாள் ஏது? காய்ச்சல் விடவில்லை என்றதும் நானே இரத்தம் எடுத்தேன். நானே கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் ஊற்றி, கழுவி, காயவைத்துப் பார்த்தேன். பிறகு லென்ஸைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பிறகு என் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இருக்கக் கூடாத அணுக்கள் இடமே இல்லாமல் நிறைந்திருந்தன. ஸ்லைடைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் எழுந்துபோய் யாரிடமும் சொல்லாதவரை அது நடக்கவில்லை என்று ஆகிவிடும் போல.

பெரிய டாக்டர் முதல் வாரத்திலேயே கதவைச் சாத்திவிட்டுச் சொல்லிவிட்டார். இரத்தப் புற்றுநோயில் இது மருந்துக்குக் கட்டுப்படாத வகை, தள்ளிப்போடத்தான் முடியும் என்றார். உங்கள் தம்பி எழுந்து வெளியே போய்விட்டார். உங்களிடமும் சிட்டுவிடமும் என்ன சொல்வது என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. முதல் தடவை போனில், "எப்படி இருக்கான்?" என்று கேட்டீர்கள். என் வாயில் வந்தது "தேறிட்டு வரான்". அதன்பின் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் சாமியிடம் வைத்தீர்கள் என்றால், எடுத்துக் கொடுத்தவள் நான்தான்.

காரணம் கேட்காதீர்கள் என்று எழுதியிருந்தேன். இப்போது சொல்லிவிடுகிறேன், நீங்கள் என்ன நினைத்தாலும் சரி. சிட்டு சிரித்தால் மேலுதடு ஒரு பக்கமாக ஏறும். அவனுக்கும் அப்படித்தான். இரண்டும் ஒரே போனில் முட்டிக்கொண்டு பேசியவை. அவள் குரல் கேட்டதும் அடுத்த குரலுக்காகக் காது காத்திருக்கிறது. அது வராது. நான் போனை வைத்துவிடுகிறேன். உயிரோடு இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் பயப்படும் தாய் நான். இதை இன்னும் யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் தம்பிக்கும் தெரியாது. அவர் ஊருக்கு வந்தால் வீட்டில் குளித்துவிட்டுப் போய் லாரியிலேயே படுத்துக்கொள்கிறார். எங்கள் இருவருக்கும் ஒரே அறையில் இருக்க முடியவில்லை.

அவளை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளுங்கள். அடிக்காதீர்கள். ஷூவை ஏன் வெட்டினாய் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் வரும்வரை பொறுங்கள். நடுவில் நீங்களே ஒரு பதிலை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு.


ஜூலை 12

அம்மாடி,

கேட்டேன். நீ சொன்ன மாதிரியே வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு நேரம் சும்மா இருந்தது கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் இல்லை. மெஷின் ஓடாததால் சட்டைகளுக்குக் கையால் பட்டன் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் டப்பாவைக் கவிழ்த்து வெள்ளை பட்டன் தனி, நீல பட்டன் தனி என்று பிரித்துக்கொண்டிருந்தாள். ஷூவை எதுக்கு வெட்டினே என்று கேட்டுவிட்டு நான் பாட்டுக்கு ஊசியில் கண்ணாக இருந்தேன். பட்டன் எல்லாம் பிரித்து முடித்தாள். மறுபடி எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தாள். அதன்பின் சொன்னாள்.

"ஒரு நாள் நான் வாண்டுக்குக் கேக்கல அத்தை."

நான் அடுத்த பட்டனை எடுத்தேன்.

"ஒரே ஒரு நாள்தான். எனக்கு ஷூ கேட்டேன். என் பக்கத்துல உக்கார்ற பொண்ணு லைட் எரியற ஷூ போட்டுட்டு வந்தா. அதைக் கேட்டேன். யார்கிட்டயும் சொல்லல. அப்பாகிட்டகூடச் சொல்லல. ஆனா அப்பா ஷூ வாங்கிட்டு வந்துட்டாரு."

என் தம்பி ஷூவோடு வந்துவிட்டுப் போன வாரத்தில்தான், வாண்டு போய்விட்டான் என்று உன் போன் வந்தது. எனக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது, அம்மாடி. குழந்தை அதை எப்படிக் கோத்து வைத்திருக்கிறது பார். கேட்டதைச் சாமி கொடுத்துவிட்டார். கொடுத்ததோடு அவர் வேலை முடிந்துவிட்டது. அதனால் வாண்டுவை விட்டுவிட்டார்.

"இனிமே நான் எதுவும் கேக்க மாட்டேன். கேட்டா வேற யாராவது செத்துடுவாங்க."

டீச்சரிடம் தண்ணீர் கேட்காததும், என்னிடம் இன்னொரு வாய்ச் சோறு கேட்காததும் இதற்குத்தான். நீ எப்போது வருவாய் என்று கேட்காததும் இதற்குத்தான். கேட்டால் நீ செத்துவிடுவாய் என்று இருந்திருக்கிறாள்.

இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். சாமி அப்படிப்பட்டவர் இல்லை என்று சொன்னேன். நீ தடுத்த பேச்சைத்தான் பேசினேன், மன்னித்துக்கொள். உடனே கேட்டாள், "அப்போ நான் தினமும் கேட்டேனே, அது அவருக்குக் கேட்டுச்சா, கேக்கலையா?"

கேட்டது என்றால், கேட்டும் விட்டுவிட்டார் என்று ஆகிறது. ஏன் விட்டார் என்றால் மறுபடி அந்த ஷூவில் போய் நிற்கும். கேட்கவில்லை என்றால், நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் பொய். என் புருஷன் போனபோதும் நான் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்று பத்திரமாக ஒதுக்கி வைத்திருந்தேன். ஒரு குழந்தை பட்டனைப் பொறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டது.

"அவருக்குக் கேக்கல தங்கம்," என்றேன். "நீ கேட்டதும் கேக்கல. நான் கேட்டதும் கேக்கல."

அவளைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னேன். சொன்னபின் என் வீட்டில் எனக்கே இருப்புக் கொள்ளவில்லை. இதைச் சொன்னதற்குப் பலனும் இல்லை. அவள் என்னைப் பாவமாகப் பார்த்து, "அப்புறம் ஷூ எப்படி வந்துச்சு?" என்றாள். நான் அவளுக்காகப் பொய் சொல்கிறேன் என்று கண்டுபிடித்துவிட்டாள்.

என் பேச்சு இனி அவளிடம் எடுபடாது. நீ பொய் சொல்ல மாட்டாய் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். அவளைப் பார்க்கப் பயமாக இருந்தால் பயந்துகொண்டே வா. கண்ணை மூடிக்கொண்டாவது வா.

அண்ணி


ஜூலை 29

அண்ணி,

சிட்டுவைக் கூட்டிப்போக வந்த அன்று உங்கள் வீட்டில் அவளிடம் நான் ஒன்றும் பேசாதது உங்களுக்கு வருத்தமாக இருந்திருக்கும். பையைக் கட்டிக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் என்னால் கிளம்ப முடியாது என்று திரும்பிப் பார்க்கவில்லை. பேருந்தில் பேசிக்கொள்ளலாம் என்று முன்பே நினைத்து வைத்திருந்தேன். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் முகம் பார்க்க வேண்டியதில்லை அல்லவா.

ஜன்னலோரம் உட்காரவைத்தேன். ஊர் தாண்டியதும் ஷூவைப் பற்றி ஆரம்பித்தேன். வருவதற்கு முன் உங்கள் தம்பியிடம் கேட்டிருந்தேன். எங்கோ மழைக்கு ஒதுங்கிய கடையில் தொங்கியதாம். ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்று அலைந்ததில் மகளுக்கு எதுவும் வாங்கவில்லையே என்று தோன்றியதாம். வாங்கிவிட்டாராம். அதை அப்படியே சொன்னேன். அப்பாவுக்கு உன் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான் என்றேன்.

"அப்பாவுக்கு ஞாபகம் வரவெச்சது யாரு?" என்றாள்.

அண்ணி, இதற்கு உங்களிடமாவது ஒரு பதில் இருக்கும். என்னிடம் எதுவும் இல்லை. அப்போதுதான், என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான், அதைக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். நீ கேட்க ஆரம்பிப்பதற்கு முன்பே வாண்டு பிழைக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும் என்றேன். அவன் இரத்தத்தை நானே பார்த்தேன், டாக்டரும் சொல்லிவிட்டார், நீ கேட்டிருந்தாலும் கேட்காவிட்டாலும், ஷூ வந்திருந்தாலும் வராவிட்டாலும் இதேதான் நடந்திருக்கும் என்றேன்.

அவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"தேறிட்டு வரான்னு சொன்னியே?"

"பொய் சொன்னேன்."

"தினமும் கேட்டுட்டேன்னு சொன்னேன். நல்லதுன்னு சொன்னியே?"

"சொன்னேன்."

"தெரிஞ்சுக்கிட்டே என்னைக் கேக்க விட்டியா?"

ஆமாம் என்றேன். கையை மடக்கி என் தோளில், மாரில், முகத்தில் அடித்தாள். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மா, "பிள்ளைய அடக்குங்க" என்றாள். நான் தடுக்கவில்லை. களைத்துப்போய் நிறுத்தினாள். அதன்பின் ஊர் வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை. இறங்கும்போது கையைப் பிடிக்கப் போனேன், உதறிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து பல நாள் என்னோடு பேசவில்லை. உங்கள் தம்பியோடு பேசுகிறாள். அவர் இப்போது உள்ளே வந்து படுக்கிறார், அவளுக்காக. என்னைக் கண்டால் அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். தன்மேல் வைத்திருந்த பழியை எடுத்து என்மேல் வைத்துவிட்டாள். இருக்கட்டும். அது இருக்க வேண்டிய இடம் இதுதான். அது எப்போதாவது இறங்குமா என்று தெரியவில்லை. இறங்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோபத்தில் அவள் யார் மாதிரியும் இல்லை. அதனால் அவளைப் பார்க்க முடிகிறது.

முந்தாநாள் தலை பின்ன உட்கார்ந்தாள். வேறு வழியில்லை, அவள் அப்பாவுக்குப் பின்னத் தெரியாது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"இனிமே யாராவது சாகப் போறாங்கன்னா எனக்கு முதல்லயே சொல்லணும்."

"சொல்றேன்."

"நான் அழுவேன்னாலும் சொல்லணும்."

"சொல்றேன்."

"அத்தை சாகப் போறாங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு இப்போ இல்ல."

"உனக்குத் தெரியாம?"

எனக்குத் தெரியாமலும் நடக்கலாம் என்றேன். இனிப் பொய் சொல்வதில்லை என்று ஆகிவிட்டது, என்ன செய்வது? அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. அத்தை தனியாக இருக்கிறார், விழுந்தால் யாருக்குத் தெரியும் என்கிறாள். போனில் கூப்பிடட்டுமா என்றேன். வேண்டாமாம். போனில் எல்லோரும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வார்களாம். வாண்டுவும் சொன்னானாம்.

அவளுக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுதுங்கள். என்ன எழுதுவது என்று நான் சொல்லப் போவதில்லை. சாமியைப் பற்றி எழுதினாலும் சரி. எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கட்டும். எனக்கு அதில் ஒன்றும் இல்லை என்பதற்காக அவளுக்கும் இருக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.


ஆகஸ்ட் 9

அம்மாடி,

உன் கடிதம் வந்ததிலிருந்து எழுத உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருக்கிறேன். சீருடை வேலை ஓய்ந்துவிட்டது. மெஷின் சத்தம் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. சிட்டு பெருக்கி வைத்த கூடையை இன்னும் கொட்டவில்லை.

சாமியைப் பற்றி எழுதலாம் என்று சொல்லிவிட்டாய். அதற்காகத்தானே உன்னோடு இத்தனை சண்டை. இப்போது எழுதலாம் என்றால் ஒரு வரி ஓடவில்லை. காலையில் பழக்கதோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன். உதடு தானாக அசைகிறது. அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று சொல்ல இன்னும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. இருந்தால் எனக்கு முகம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். அன்று குழந்தையிடம் "கேக்கல" என்று சொன்னேனே, அதை அவளைவிட நான்தான் நம்பிவிட்டேன் போலிருக்கிறது. இதை அவளுக்குச் சொல்லாதே. அவளாகக் கேட்டால் சொல், இனி மறைக்க வேண்டாம்.

உன்மேல் எனக்குக் கோபம் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. ஆனால் இந்த வீட்டில் உட்கார்ந்து வாண்டுவைப் பற்றிப் பேச எனக்கு உன்னைவிட்டால் ஆள் இல்லை. அதனால் எழுது. ஒரு எழுத்தாக இருந்தாலும் எழுது.

மறுபக்கத்தில் இருப்பது சிட்டுவுக்கு. அவளே படிக்கும்படி பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன். நீ படித்துக் காட்ட வேண்டாம், கையில் கொடுத்துவிடு.

அண்ணி


சிட்டு,

அத்தை உயிரோடு இருக்கிறேன். இன்றைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை. வலது முழங்காலில் வலி இருக்கிறது, அது ரொம்ப வருஷமாக இருப்பது, அதனால் சாக மாட்டார்கள். டாக்டரிடமும் போய்க் காட்டினேன். வேறு ஒன்றும் இல்லை என்று சொன்னார். நான் அவரிடம் இரண்டாவது தடவையும் கேட்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து வைத்திருக்கிறேன். காலையில் நான் கதவைத் திறக்காவிட்டால் அவர்கள் வந்து பார்ப்பார்கள்.

உனக்கு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நானே என் கையால் எழுதுகிறேன். ஒரு வாரம் வராவிட்டால் தபால் தாமதமாகியிருக்கும். அடுத்த வாரமும் வராவிட்டால் அம்மாவிடம் போய்க் கேள். அவளுக்குத் தெரிந்திருந்தால் உன்னிடம் சொல்லிவிடுவாள்.

அத்தை